யாருக்கும் சொந்தமில்லாத நிறம்

சொந்தக்காரர் இல்லாத நிறம் என்று ஒன்று இவ்வுலகில் உண்டா? கல்லூரி மேடையில் இப்படியொரு தலைப்பைத் தந்திருந்தால், உண்டு என்று பத்து நிமிடமும் இல்லை என்று பத்து நிமிடமும் பேசிவிட்டு, கோப்பையோடு இறங்கியிருப்பேன். எனக்கு அந்தப் பயிற்சி உண்டு. அந்தச் செருக்கும் உண்டு. ஆனால் அக்கேள்வியைத் தலைப்பாகக் கொள்ளாமல் அன்றாட வேலையாகக் கொண்ட ஒருவரை நான் அறிவேன். அவர் மேடை ஏறியதில்லை. ஏறவேண்டி வந்த ஒரு நாளிலும் மேடைக்குரிய எதையும் அவர் செய்யவில்லை.

இராஜபாளையத்தில், பஞ்சாலைச் சங்கு கேட்கும் தொலைவில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இயங்கிய சிறிய தொண்டு நிறுவனம் அது. படிப்பு முடிந்ததும் நான் சேர்ந்த முதல் வேலை. இணையத்தில் மக்கள்தொகை வரைபடங்கள் செய்வோம். முதலில் ஊர், அதன்மேல் வீடுகள், அதன்மேல் சிறு குழந்தைகள் வாழும் இடங்கள் ஓர் அடுக்கு, வேலைக்குப் போகும் பெண்கள் ஓர் அடுக்கு, தனித்து வாழும் முதியோர் இன்னோர் அடுக்கு. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைப்பதுபோல் திரையில் அடுக்கிக்கொண்டே போனால், எல்லாத் தாள்களும் சேர்ந்து அழுத்தமாகத் தெரியும் ஓர் இடம் அகப்படும். மருத்துவ வண்டி நிற்க வேண்டிய இடம் அது. பாலர் பள்ளி எழ வேண்டிய இடம் அது.

ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு நிறம் வேண்டும். நாம் சொல்லாவிட்டால் மென்பொருளே ஒன்றைத் தந்துவிடும். உலகம் முழுவதும் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. நான் சொன்ன அந்த ஒருவர், அந்த அலுவலகத்தில் எனக்கு மூத்தவர், ஏற்கவில்லை.

நான் சேர்ந்த முதல் நாள், என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மெலிந்த உருவம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையை முகர்ந்து பார்ப்பவர்போலக் குனிந்தார்.

"இது யாருதுட்டி?"

எனக்கு விளங்கவில்லை. "எது அக்கா?"

"இந்தக் கலரு. யாருது?"

"யாருதும் இல்லக்கா. சாஃப்ட்வேர் தானாக் குடுத்தது."

"சாஃப்ட்வேருக்கு நம்ம பஸ் ஸ்டாண்டு தெரியுமா? சன்னலைத் தெறந்து பாரு."

திறந்தேன். எதிர்க் கடையின் கூரையில், என் திரையில் இருந்த அதே நிறம், காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் நிறம் என்பது கண்ணுக்கு மட்டும் உரியதன்று. கம்பத்தில் ஏறியது, கையில் கயிறாகச் சுற்றியது, கபடி அணியின் பனியனானது, பேருந்து நிறுத்தத்துச் சுவரில் பூசியது என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தெரு உண்டு. அதை அறியாமல் அணிந்தவனும் அறிந்து அணிந்தவனாகவே கொள்ளப்படுவான். இது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்கு முன்பே படித்துவிடும் பாடம். நானும் படித்திருந்தேன். ஆனால் அது வரைபடத்துக்குள்ளும் வரும் என்று எண்ணிப் பார்த்தவர் அவர் ஒருவரே.

ஆகவே அவர் நிறம் தேடினார். சோறு உண்ணும்போதும் தேடினார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பேருந்தில் வருவார். கையில் சம்புடம் இருக்கும். ஒருநாள் அதைத் திறந்து திரையருகே பிடித்துக்கொண்டு சுட்டியை உருட்டிக்கொண்டிருந்தார். உள்ளே பால்கோவாச் சட்டியின் அடியில் சுரண்டிய தீய்ந்த திரள். அன்று பிறந்த நிறத்துக்குப் 'பால்கோவா அடி' என்று பெயரிட்டுச் சேமித்தார். 'நனைந்த பேண்டேஜ் துணி' என்று ஒன்று. 'அய்யனார் கோவில் பாறை' என்று ஒன்று; அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அருவிவரை போய், குளிக்காமல், பாறையை மட்டும் படம் பிடித்துவந்தார். எங்கள் மென்பொருளில் நிறங்களுக்கு எண்களே பெயர். அவருடைய கணினியில் மட்டும் அவை ஊரும் பேரும் பெற்றிருந்தன.

நிறுவனத்தின் இயக்குநருக்கு இது பொறுக்கவில்லை. "ஏம்மா, மேப்பு பளிச்சுன்னு இருக்க வேண்டாமா? கழுவாத தட்டு மாதிரி இருக்கு" என்றார்.

"கழுவாத தட்டுக்கு யாரும் சண்டைக்கு வர மாட்டாக சார்" என்றார் அக்கா.

மகாராஜபுரத்துப் பக்கம் முதியோரைக் குறித்த படம் ஒன்று செய்தோம். தனியாக வாழும் முதியோர் மிகுந்த பகுதிக்கு நான் சிவப்பு வைத்திருந்தேன். உலக வழக்கு அதுதானே என்று வாதாடவும் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏட்டி மேடை, நல்லாத்தான் பேசுத. ஆனா செவப்பப் பாத்தா ஊரே சீக்குல கெடக்குன்னு நெனப்பாக. பொறவு அந்தத் தெருவுக்குப் பொண்ணு குடுக்க யோசிப்பாகல்லா?"

நான் பேச்சுப் போட்டிகளில் பரிசு பெற்றவள் என்று அறிந்த நாள்முதல் அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. மேடை என்பார். ஏளனம் பாதியும் பெருமை பாதியுமாக அந்தச் சொல் என்மேல் விழும். இன்றுவரை எனக்கு அதைவிட நல்ல பட்டம் கிடைத்ததில்லை.

அவருடைய சேலைகளும் இப்படித்தான். ரத வீதியில் ஒரு துணிக்கடைக்கு அவரோடு போயிருக்கிறேன். விற்பனையாளர் அடுக்கடுக்காய் எடுத்துப் போட்டார். அக்கா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, "இது வேண்டாம், இதுவும் ஒருத்தருது" என்று நகர்த்திக்கொண்டே போனார்.

"அக்கா, நாங்க விக்கதே கலர்தான். கலரே இல்லாத சேலைக்கு நான் எங்க போவேன்?" என்று அவர் கையைப் பிசைந்தார்.

"வாசல்ல பொம்மைக்குக் கட்டி வச்சிருக்கீகளே, அது?"

"அய்ய, அது வெயில்ல வெளுத்துக் கெடக்கு."

"அதத்தான் கேக்கேன்."

பொம்மையை நடுத்தெருவில் நிற்கவைத்துச் சேலையை அவிழ்க்க முடியாது என்று அவர் அழாக்குறையாகச் சொல்ல, பொம்மையைக் கடைக்குள் தூக்கிச்சென்று உருவித் தந்தார்கள். அந்தச் சேலையை உடுத்தி அவர் அலுவலகம் வந்தபோது, அது நீலமா சாம்பலா என்று எங்களுக்குள் ஒரு வழக்காடு மன்றமே நடந்தது. தீர்ப்புக் கிட்டவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு நிறைவு.

இதை வேடிக்கையான குணம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன், அவர் தம்பியைக் காணும்வரை.

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு அருகே தம்பி ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அக்கா செய்யும் எந்தப் படமும் முடிவில் அந்தக் கடைக்கு, அவருடைய கைபேசிக்குப் போகும். அவர் பார்த்து, "வெளங்குதுக்கா" என்று சொன்ன பிறகே எங்களிடமிருந்து வெளியேறும். தம்பிக்குப் பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாது. பிறவியிலேயே அப்படி. அவருக்கு விளங்கினால் அனைவருக்கும் விளங்கும் என்பது அக்காவின் கணக்கு. வரைபடக் கலையிலும் அது மதிப்புள்ள நெறிதான். நிறம் பிரித்தறியாதவரையும் எண்ணித்தான் நிறம் தேர வேண்டும் என்று நூல்களே கூறும். ஆனால் அக்கா அதை நூலிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

கடையில் நான் பேசியது தம்பிக்குக் கேட்கவில்லை. அக்கா என் தோளைப் பிடித்து அவருடைய வலப்பக்கம் நகர்த்தினார். "இந்தப் பக்கம் நின்னு பேசு. அந்தக் காது கேக்காது."

திரும்பும் பேருந்தில், நான் கேட்காமலேயே சொன்னார். பள்ளி இறுதி ஆண்டில் தம்பி பக்கத்து ஊருக்குக் கபடி பார்க்கப் போயிருக்கிறார். நண்பன் கொடுத்த ஒரு பனியனை அணிந்திருந்தார். சாம்பல் நிறம் என்று எண்ணியிருக்கிறார். அது சாம்பல் இல்லை. அந்த ஊரில் அந்த நிறம் எந்தத் தெருவைச் சேர்ந்தது என்பது அவரை அடித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"அவனுக்குத் தெரியாதுட்டி" என்றார். சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "அந்தப் பனியனத் தொவச்சுக் காயப்போட்டு எடுத்துக் குடுத்தது நான்தான். எனக்குத்தான் கலர் தெரியுமே."

 

இனி அந்த ஒரு நாளைச் சொல்ல வேண்டும்.

தளவாய்புரத்துக்கு அப்பால் ஓர் ஊர், பெயர் வேண்டாம். மேலத்தெருவும் கீழத்தெருவும் முகம் கொடுத்துப் பேசாத ஊர். ஆனால் இரு தெருப் பெண்களும் ஒரே மில் வண்டியில் ஏறி ஒரே ஆலைக்குப் போகிறவர்கள். வீட்டில் பிள்ளையைத் தொட்டிலில் விட்டு, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் அதற்குக் காவல் வைத்துவிட்டுப் போகிறவர்கள். அவர்களுக்காக ஒரு குழந்தைகள் காப்பகம் கட்ட நிதி தருவோர் முன்வந்தனர். ஒரு நிபந்தனை: ஊருக்கு ஒன்றுதான், இரண்டு தெருவும் ஒரே இடத்துக்கு இசைய வேண்டும். இசையாவிட்டால் காப்பகம் வேறு ஊருக்குப் போய்விடும். அந்த இடத்தைக் காட்டும் படத்தை அக்கா செய்தார்.

எத்தனையோ நாள் அதற்காகவே நிறம் தேடினார். மேலத்தெருவின் நிறம் பச்சை. கீழத்தெருவுக்கு வேறொன்று. இரண்டுக்கும் எட்டாத தொலைவில் நிற்க வேண்டும். முடிவில், குழந்தைகளின் அடுக்குக்குச் 'சலவை நீலம்' என்று ஒன்று எடுத்தார். வெள்ளை வேட்டியை நீலம் கலந்த நீரில் அலசினால் மெல்ல ஏறுமே, அது. வேலைக்குப் போகும் தாய்மாரின் அடுக்குக்குப் 'பழுத்த வேப்பிலை'. தனித்தனியே பார்த்தால் இரண்டும் எவருக்கும் உரியவை அல்ல. இரண்டும் சேரும் இடம் எங்கள் திரையில் மங்கிய சாம்பலாக விழுந்தது. "இது ஒரு மாதிரி இருக்கே" என்று அக்கா ஐயுற்றார். வழக்கம்போலத் தம்பிக்கு அனுப்பினார். "நல்லா வெளங்குதுக்கா" என்று பதில் வந்தது. ஐயம் தீர்ந்தது.

சமுதாயக் கூடத்தில் முற்பகலில் கூட்டம். ஆண்கள் முன்னால் இருபுறமாகப் பிரிந்து நாற்காலிகளில். பெண்கள் பின்னால், பிள்ளைகளை இடுப்பில் ஏந்தி நின்றவாறு. படம் வீழ்த்தும் கருவியின் ஒளி சுவரில் விழுந்தது. சலவை நீலத்தின்மேல் பழுத்த வேப்பிலை வந்து படிந்தது. திரையில் சாம்பலாயிருந்த இடம் சுவரில் பச்சையாக எழுந்தது. பழுத்த இலை மறுபடியும் பச்சையாயிற்று. ஊரின் நடுவில், காப்பகம் அமைய வேண்டிய அந்த ஓரிடம் மட்டும், மேலத்தெருக் கொடியை விரித்துப் போட்டதுபோல் நின்றது.

மேலத்தெருப் பக்கம் ஒரு விசில். "பாத்தியாலே, கம்ப்யூட்டரே சொல்லிருச்சு!"

கீழத்தெருப் பெரியவர் ஒருவர் துண்டை உதறி எழுந்தார். "ஏம்மா, எடம் அவியளுக்குன்னு முடிவு பண்ணிட்டுத்தான் எங்களக் கூப்பிட்டு உக்கார வச்சீகளா?" அவர் எழ, அந்த வரிசையே எழுந்தது.

அக்கா சுட்டியிலிருந்து கையை எடுத்தார். நான் ஒலிவாங்கியை நோக்கிப் பாய்ந்தேன். எத்தனை அவைகளை அடக்கியிருக்கிறேன்!

"மேடை, உக்காரு" என்றார். என்னைப் பார்க்கவுமில்லை. கைபேசியை எடுத்து, ஒலிபெருக்கியில் வைத்து, ஒலிவாங்கியின் அருகே பிடித்தார். கூடம் முழுக்க மணியடித்தது.

"ஏலே, வலது காதுல வை."

"வச்சுட்டேன், சொல்லுக்கா."

"காலையில அனுப்புன படத்துல நடு எடம் இருக்கே, அது என்ன கலருலே?"

"அதுவா? மஞ்சதான். கொஞ்சம் அழுக்கு மஞ்ச. ஏங்க்கா, தப்பா எதுவும்…"

"ஒண்ணுமில்ல. கடையப் பாரு."

நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். பெரியவர் கேட்டார்: "யாரும்மா அது?"

"எந்தம்பிய்யா. அவனுக்குப் பச்சை தெரியாது. நான் போடுற படத்தையெல்லாம் கடைசியா அவந்தான் பாப்பான். அதான் இந்தப் பச்சை தப்பிருச்சு."

"நல்லாருக்கே! கலர் தெரியாதவன வச்சா கலர் பாப்பாக?" என்று ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

அந்த நொடியை நான் மறக்க மாட்டேன். ஏன் அவரைக்கொண்டு பார்க்கிறார் என்பதற்கு விடை அவரிடம் இருந்தது. கேளாத அந்த ஒரு காதை அவைமுன் எடுத்து வைத்திருந்தால், சிரித்தவர்கள் தலைகுனிந்திருப்பார்கள். எந்தப் பேச்சாளரும் வைத்திருப்பார். நான் வைத்திருப்பேன். அவர் வைக்கவில்லை. தம்பியின் காதை எந்தக் கூட்டத்துக்கும் அவர் சான்றாகத் தருவதாயில்லை.

"தப்பு எம்மேலதான்யா" என்றார். "நாங்க பச்சை பூசல. ரெண்டு சேர்ந்து அப்படி ஆயிருச்சு. பாருங்க." நீலத்தை அணைத்தார், வெறும் மஞ்சள் நின்றது. மஞ்சளை அணைத்து நீலத்தை ஏற்றினார். பிறகு இரண்டையும். பச்சை மீண்டும் முளைத்தது. கீழத்தெரு வரிசை அப்போதும் உட்காரவில்லை. பெரியவர் வாசலை நோக்கித் திரும்பிவிட்டார்.

அப்போது பின்னாலிருந்து, மேலத்தெருவைச் சேர்ந்த ஒரு பெண் இடுப்புப் பிள்ளையோடு ஆண்களை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். "இந்தா, எனக்கு மில்லு வண்டி வந்துரும். பச்சையோ மஞ்சயோ என்னமும் இருந்துட்டுப் போட்டும். இதுல எங்க வீடு எதும்மா? அங்கேருந்து அந்த எடம் எம்புட்டுத் தூரம்? அத மட்டும் சொல்லு, நான் போறேன்."

அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எந்த முக்கு உங்க வீடு?"

"கொழாயடிக்கு எதுத்தாப்புல."

திரையில் ஒரு கோடு இழுத்தார். "இந்தா, கொழாயடி தாண்டி, ரேஷன் கடை தாண்டி, அடுத்த திருப்பம். நடக்கத் தூரந்தான்."

"அப்ப எங்க வீட்டுலேருந்து?" கீழத்தெருப் பெண்ணொருவர். அங்கிருந்தும் ஒரு கோடு. ஏறக்குறைய அதே நீளம்.

"ஏ, அப்ப ஒனக்கும் எனக்கும் ஒண்ணுதானா?" என்றார் முதற்பெண்.

"வண்டியில ஒண்ணாத்தான போறோம், இதுல என்ன?" என்றார் இவர்.

பிறகு கட்டுக்கடங்கவில்லை. "எங்க சின்னம்மா வீடு எங்க இருக்கு?" "எங்க வீட்டு மொட்டமாடி தெரியுமா?" "அய்ய, மாடு கட்டுற எடத்தையும்லா காட்டுது!" பெண்கள் சுவரை மொய்த்துவிட்டார்கள். எவருடைய தோளில் பச்சை விழுகிறது, எவருடைய முதுகில் மஞ்சள் விழுகிறது என்று எவரும் பார்க்கவில்லை.

வாசல்வரை போன பெரியவர் எட்டி எட்டிப் பார்த்தார். "மறைக்காதீக தாயி" என்றார் முடிவில். "எங்க வீட்டையும் காட்டச் சொல்லுங்க. மருமக வந்து கேப்பா."

இடம் முடிவாயிற்று. இரு தெருவும் சேர்ந்து ஒரே ஒரு கட்டளை இட்டன: கட்டடத்தில் எந்த நிறமும் ஏறக் கூடாது. கதவு, சன்னல், பெயர்ப்பலகை எதிலும். சுண்ணாம்பு மட்டுமே. இயக்குநர் வாடிப்போனார். வெளுத்த சேலையின் முந்தானையால் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையைத்தான் துடைத்தார் என்று இன்றும் எவரிடமும் வாதாடுவேன்.

காப்பகம் திறந்து ஓராண்டு ஆனபின், அக்காவுக்கு வேறு மாவட்டத்தில் வேலை கிடைத்தது. புறப்படும் முன் அந்த ஊருக்குப் போக வேண்டும் என்றார். போனோம். பிள்ளைகள் உள்ளே உறங்கும் நேரம். வெளிச்சுவர் சுண்ணாம்பு வெள்ளை. ஆனால் அடியில், நிற்கப் பழகும் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், சுவர் நெடுக ஒரு பட்டை ஓடியிருந்தது. பருப்புச் சோறு, வாழைப்பழம், செம்மண், தலை எண்ணெய், எச்சில் எல்லாம் அப்பிய கைகள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்த பட்டை.

அக்கா தரையில் மண்டியிட்டார். திரையைப் பார்ப்பதுபோலவே முகத்தை அருகில் கொண்டுபோனார்.

"ஏட்டி மேடை, இது என்ன கலரு?"

பழுப்பு என்று தொடங்கினேன், இல்லை. மஞ்சளும் இல்லை, சாம்பலும் இல்லை. "தெரியலக்கா" என்றேன்.

"யாருது?"

"யாருதும் இல்லக்கா."

அவர் கைபேசியில் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினார். உடனே அழைத்து ஒலிபெருக்கியில் வைத்தார். "ஏலே, வலது காதுல வை. அனுப்புனேனே, வெளங்குதா?"

மறுமுனையில் ஜெராக்ஸ் இயந்திரம் ஓடி நின்றது. தம்பி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலர் ஒண்ணும் எனக்குத் தெரியலக்கா" என்றார். "கைதான் தெரியுது. எல்லாம் சின்னச் சின்னக் கை."